நடுவில் ஓட்டை, சுற்றிலும் மாவட்டம்: போலந்தின் ‘வடை மாவட்டங்கள்’ ஏன் தடுமாறுகின்றன?

ஒரு மெதுவடையை மேலே இருந்து பாருங்கள். சுற்றிலும் வடை, நடுவில் ஓட்டை. போலந்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் போஸ்னான் மாவட்டத்தின் வரைபடமும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அந்த ஓட்டைதான் போஸ்னான் மாநகரம். பெயர் ஒன்று, ஆனால் இரண்டும் வேறு வேறு. மாநகரம் மாவட்டத்துக்குள் வராது. மாவட்டத்தின் தலைமை அலுவலகமோ மாநகரத்துக்குள் இருக்கிறது. அதாவது, தன் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து தன்னை நிர்வகித்துக்கொள்ளும் மாவட்டம் அது.

போலந்துக்காரர்களும் இதைத் தின்பண்டத்தின் பெயரால்தான் அழைக்கிறார்கள். க்ராகோவ் நகரத் தெருக்களில் விற்கும் ‘ஒப்வஜானெக்’ என்ற வளைய ரொட்டியின் பெயரைச் சொல்லி, ‘ஒப்வஜானெக் மாவட்டம்’ என்கிறார்கள். க்ராகோவ், வ்ரோத்ஸ்வாவ், லூப்ளின், பியாவிஸ்டோக், ஸெஷூவ் என்று பெரிய நகரங்கள் பலவற்றைச் சுற்றி இப்படி ஒரு மாவட்டம் உண்டு. சில இடங்களில் வளையம் அரைகுறையாக இருக்கும். போஸ்னானில் முழுசாக மூடியிருக்கிறது. நகரத்தை விட்டு எந்தத் திசையில் வெளியே போனாலும் அதே மாவட்டம்தான்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரின் பள்ளிக்கூடம், பஸ், குடிநீர், வீட்டுக் கடன் எல்லாம் இந்த ஓட்டைக்கும் வடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு மனைகளுக்குப் போலந்து இப்போது கொண்டுவந்திருக்கும் புதிய விதிகளால், இத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்ட ஒரு கேள்விக்கு இந்த ஊர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்: இன்னும் எத்தனை வீடு?

இந்த வடையைச் சுட்டது யார்?

போலந்தில் நிர்வாகம் மூன்று அடுக்கு. மேலே மாகாணம், நடுவில் ‘பொவியாத்’ எனப்படும் மாவட்டம், கீழே ‘க்மினா’. க்மினா என்பது ஒரு சின்ன டவுனாகவோ, சில கிராமங்கள் சேர்ந்த தொகுப்பாகவோ இருக்கலாம். கம்யூனிஸ்ட் அரசு 1975-ல் மாவட்ட அடுக்கையே ஒழித்துவிட்டு, 17 மாகாணங்களை 49 ஆக உடைத்தது. 1999 ஜனவரி 1 அன்று அதைத் திருப்பிப் போட்டார்கள். 49 மாகாணங்கள் 16 ஆகச் சுருங்கின. மாவட்டங்கள் மறுபடி உயிர் பெற்றன.

அப்போதுதான் ஒரு தனி ஏற்பாடு வந்தது. பெரிய நகரங்களுக்கும், மாகாணத் தலைநகர் அந்தஸ்தை இழந்த பல ஊர்களுக்கும் ‘மாவட்ட உரிமை பெற்ற நகரம்’ என்ற தகுதி கொடுக்கப்பட்டது. அந்த நகரம் மாநகராட்சியாகவும் இருக்கும், மாவட்டமாகவும் இருக்கும். இப்போது நாட்டில் சாதாரண மாவட்டங்கள் 314, இந்த மாதிரி நகரங்கள் 66. நகரத்தைத் தனியே பிரித்து எடுத்த பிறகு சுற்றியிருந்த கிராமங்களை என்ன செய்வது? மிச்சத்தை ஒரு மாவட்டமாகக் கட்டிவிட்டார்கள். ஓட்டை முதலில் வந்தது, வடை அப்புறம் வந்தது.

அன்றைக்கு இதில் பெரிய தப்பு எதுவும் தெரியவில்லை. நகரத்தில் வேலையும் ஃபேக்டரியும் அடுக்குமாடிகளும் இருந்தன. வெளியே உருளைக்கிழங்கு வயலும் காடும் ஏரியும். (போஸ்னான்காரர்களைக் கிண்டலாக ‘பிரா’ என்பார்கள். அந்த வட்டார வழக்கில் அதற்கு உருளைக்கிழங்கு என்று அர்த்தம்.) அவர்கள் வேறு, நாம் வேறு என்று கோடு போடுவது எளிதாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

நகரம் காலி, கிராமம் ஃபுல்

1990 வாக்கில் போஸ்னான் நகரத்தின் மக்கள் தொகை சுமார் 5.9 லட்சம். இப்போது 5.4 லட்சத்தை ஒட்டி இருக்கிறது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, வேலைக்கும் குறைவில்லை. போலந்திலேயே வேலையின்மை மிகக் குறைவான இடங்களில் இதுவும் ஒன்று. இருந்தும் நகரம் சுருங்கியது. அதே காலத்தில் சுற்றியிருக்கும் மாவட்டம் வீங்கிக்கொண்டே போய் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட 1,900 சதுர கிலோமீட்டர் பரப்பில் 17 க்மினாக்கள். அவற்றில் மேற்கே இருக்கும் டோபியெவோ, கொமோர்னிகி, ரொக்கியெட்னிட்சா மாதிரியான இடங்கள் நாட்டிலேயே வேகமாக வளர்ந்தவற்றில் சேரும்.

காரணம் யாருக்கும் புரியக்கூடியதுதான். நகரத்தில் இரண்டு அறை ஃப்ளாட் வாங்கும் காசுக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு வீடு கிடைத்தது. 2004-ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சம்பளம் ஏறியது, வங்கிகள் கடனை அள்ளி இறைத்தன. அந்த நாட்களில் பலர் சுவிஸ் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கினார்கள், வட்டி குறைவு என்பதால். பிறகு ஃபிராங்க் மதிப்பு எகிறியபோது ஈஎம்ஐ-யும் எகிறியது, அது தனிக் கதை. நகரத்துக்குத் தெற்கே ஏ2 நெடுஞ்சாலை 2003-ல் திறந்தது. மேற்கிலும் கிழக்கிலும் 2012-ஐ ஒட்டி புறவழிச் சாலைகள் வந்தன. காரில் 20 நிமிஷம்தானே என்று கணக்குப் போட்டார்கள். ஒருத்தர் போட்டால் சரியாக வரும் கணக்கு அது. லட்சம் பேர் போட்டால் 20 நிமிஷம் 50 நிமிஷமாகிவிடும்.

வேலையும் நகரத்தோடு நிற்கவில்லை. டார்னோவோ போட்கூர்னே என்ற க்மினா, 90-களிலேயே நிலத்தைத் தயார் செய்து வெளிநாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்து பணக்கார ஊரானது. அங்கே சாடி என்ற கிராமத்தில் 2014-ல் அமேசானின் பெரிய கிடங்கு திறந்தது. ஆள் போதாமல் தொலைவில் இருக்கும் ஊர்களில் இருந்து பஸ் வைத்துத் தொழிலாளர்களைக் கூட்டி வருகிறார்கள். நகரத்துக்கு வடக்கே போலெஹோவோவில் சோலாரிஸ் பஸ் கம்பெனி இருக்கிறது. 90-களில் ஒரு போலந்துத் தம்பதி ஆரம்பித்தது, 2018-ல் ஸ்பெயின் நாட்டு காஃப் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் எலெக்ட்ரிக் பஸ்கள் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் ஓடுகின்றன. அந்த பஸ்ஸைச் செய்யும் மாவட்டத்திலோ பல கிராமங்களில் சாயங்காலத்துக்குப் பிறகு பஸ் கிடைப்பது கஷ்டம்.

சரி, பணம் எங்கே போகிறது?

சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. போலந்தில் வருமான வரியை வசூலிப்பது மத்திய அரசு. ஆனால் அதில் ஒரு பங்கு உள்ளூருக்குத் திரும்பி வரும். எந்த ஊருக்கு? வேலை பார்க்கும் ஊருக்கு இல்லை. வருஷக் கடைசியில் எங்கே குடியிருப்பதாக வரிப் படிவத்தில் எழுதுகிறோமோ, அந்த ஊருக்கு.

2024 வரை இருந்த சட்டப்படி, ஒருவர் 100 ஸ்லோட்டி வருமான வரி கட்டினால் அதில் 38 ஸ்லோட்டிக்குச் சற்று மேல் அவருடைய க்மினாவுக்குப் போகும். 10.25 ஸ்லோட்டி மாவட்டத்துக்கு, 1.60 மாகாணத்துக்கு. போஸ்னான் நகரமே க்மினா, நகரமே மாவட்டம் என்பதால் இரண்டு பங்கும் அதற்கே. ஒரு ஐடி ஊழியர் நகர ஃப்ளாட்டை விட்டு டோபியெவோவில் வீடு கட்டிப் போனால் நகரத்துக்கு அந்த ஆள் மூலம் வந்த பணம் முழுசாக நின்றுவிடும். அவர் கட்டும் வரியில் கிட்டத்தட்ட பாதி அது. ஆனால் அவர் தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குத்தான் வருவார். நகரத்தின் சாலை, நகரத்தின் பார்க்கிங், நகரத்தின் டிராம், நகரத்தின் தியேட்டர் எல்லாம் அவருக்கும் வேண்டும்.

அதனால்தான் போலந்தில் வேறெங்கும் பார்க்காத ஒரு விளம்பரப் போர் வருஷா வருஷம் நடக்கும். ‘வரியை எங்கள் ஊரில் கட்டுங்கள்’ என்று நகரம் போர்டு வைக்கும். பக்கத்து கிராமமும் வைக்கும். லாட்டரி நடத்திக் கார் பரிசு கொடுக்கும் ஊர்கள் உண்டு. வார்சா நகரம், தன் ஊரில் வரி கட்டுபவருக்கு மட்டும் பயணச்சீட்டில் சலுகை தரும் அட்டை வைத்திருக்கிறது. பல நகரங்களில் பாலர் பள்ளி சேர்க்கையின்போது, பெற்றோர் வரி எங்கே கட்டுகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இதனால் கிராமத்தில் குடியிருந்துகொண்டு, பழைய நகர முகவரியையே படிவத்தில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் அடிபடுவது கிராமம்.

ஆக, நகரம் மட்டும் பாவம், கிராமம் கொழுக்கிறது என்று சொல்லிவிட முடியாது. குடிவந்த இளம் குடும்பம் முதல் நாளே கேட்பது பாலர் பள்ளி. 2017-ல் இருந்து 3 வயதுக் குழந்தைக்கும் இடம் கொடுப்பது சட்டக் கடமை. அதே வருஷம் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தில் நடுநிலைப் பள்ளிகளை மூடி, தொடக்கப் பள்ளியை 8 வருஷமாக நீட்டினார்கள். ஏற்கெனவே இடமில்லாமல் திணறிய கிராமப் பள்ளிகளில் இன்னும் இரண்டு வகுப்பு ஏறியது. கூடவே கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு, நடைபாதை. வரி வந்து சேருவதற்குள் செலவு வந்துவிடுகிறது.

ஒரு வீட்டு மனையை விற்ற விவசாயிக்குப் பணம் உடனே கிடைக்கும். வீடு கட்டிய பில்டருக்கும் உடனே. அந்த மனைக்கு முன்னால் போடும் சாலைக்கு க்மினா பத்து வருஷம் அலையும். புதுக் காலனிகளில் பளபளவென்று வீடும், வாசலில் சேறுமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வரிச் சலுகை யார் பையிலிருந்து?

இதற்கு நடுவில் வார்சாவில் இருந்த அரசு வருமான வரியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2019-ல் 26 வயதுக்கு உட்பட்டவர்களின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வரை வரியே இல்லை என்றது. 2022-ல் வரியில்லாத வருமான வரம்பை 30,000 ஸ்லோட்டியாக உயர்த்தியது. அடிப்படை விகிதம் 17 சதவீதத்தில் இருந்து 12 ஆனது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் தனிச் சலுகை. வாக்காளருக்கு மகிழ்ச்சி. ஆனால் வருமான வரியில் பாதி உள்ளூருக்குப் போகிறது என்றால், சலுகையில் பாதி யார் கொடுத்தது? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

சம்பளக்காரர்கள் அதிகம் வாழும் புறநகர் ஊர்களுக்கு இது கூடுதல் அடி. ஏனென்றால் அவர்களுடைய வரவு செலவே வருமான வரிப் பங்கை நம்பித்தான். இதன் மேல் ‘யானோசிக் கட்டணம்’ வேறு. யானோசிக் என்பவன் பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மலைக்கள்ளன், கார்பாத்தியன் மலைப் பக்கம் பிரபலம். வரி வருமானம் அதிகமுள்ள ஊர்கள் ஏழை ஊர்களுக்காகப் பொது நிதியில் போடும் தொகைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. டார்னோவோ போட்கூர்னே, சூஹி லாஸ் மாதிரியான போஸ்னான் புறநகர்கள் இதை வருஷக் கணக்காகக் கட்டிப் புலம்பியவை. கையில் பணம் இருப்பதாகக் கணக்கு சொல்லும், ஆனால் அந்தப் பணத்தில் கட்ட வேண்டிய பள்ளியைக் கணக்கு பார்க்காது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

2025-ல் இருந்து விதி மாறியது. இப்போது உள்ளூருக்கு வருவது வசூலான வரியின் பங்கு இல்லை, குடியிருப்போரின் வருமானத்தின் பங்கு. மத்திய அரசு நாளைக்கே வரியைக் குறைத்தாலும் உள்ளூர் பங்கு அதே வேகத்தில் சரியாது. யானோசிக் முறையையும் இந்தச் சட்டம் மாற்றி அமைத்திருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் ஒன்று மாறவில்லை. பணம் இன்னும் ‘எங்கே தூங்குகிறீர்கள்’ என்பதைப் பார்த்தே போகிறது. ஓட்டைக்கும் வடைக்கும் இடையிலான போட்டி அப்படியே இருக்கிறது.

தண்ணீர் அங்கிருந்து, குப்பை அங்கே

கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது என்பதற்குத் தண்ணீரை விடச் சிறந்த சாட்சி இல்லை. போஸ்னான் நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு தெற்கே மொஸினா பக்கம், வார்த்தா ஆற்றங்கரையில் எடுக்கப்படுகிறது. அது மாவட்டத்தின் நிலம். நகரத்தின் கழிவுநீர் போய்ச் சேரும் முக்கியச் சுத்திகரிப்பு நிலையம் வடகிழக்கே கோஜியெக்வோவியில் இருக்கிறது. அதுவும் மாவட்டத்தில்தான். அதன் நாற்றத்தைப் பற்றி அந்த ஊர் மக்கள் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். நகரத்தின் குப்பைமேடு சூஹி லாஸில். ‘வரி மட்டும்தான் எங்களுக்கு வருகிறதா, மற்றதெல்லாம் யாருக்கு வருகிறது?’ என்று கிராமத்துக்காரர் கேட்டால் நகரத்துக்காரரிடம் பதில் இல்லை.

குடிநீர்க் கம்பெனி நகரமும் சுற்றியுள்ள க்மினாக்களும் சேர்ந்து வைத்திருப்பது. வேண்டும் என்றால் கூட்டாக நடத்த முடியும் என்பதற்கு அதுவே உதாரணம். ஆனால் அதற்கும் சோதனை வருகிறது. போலந்திலேயே மழை குறைவான பகுதிகளில் இந்த வியெல்கோபோல்ஸ்கா மாகாணமும் ஒன்று. வறண்ட கோடையில் ஆயிரக்கணக்கான புதுவீட்டுப் புல்வெளிகளுக்கு ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைக்கோடி வீடுகளில் அழுத்தம் விழுந்துவிடும். தோட்டத்துக்கு மாலையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போகிறது. அடுக்குமாடியில் இருந்தபோது இந்தக் குடும்பங்களுக்குப் புல்வெளியே கிடையாது.

பள்ளி விஷயத்திலும் இதே குழப்பம். தொடக்கப் பள்ளி க்மினாவின் வேலை, மேல்நிலைப் பள்ளி மாவட்டத்தின் வேலை. ஆனால் மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் நகரத்தின் மேல்நிலைப் பள்ளிகளுக்கே போகிறார்கள். நல்ல பள்ளிகள் அங்கே, ரயிலும் பஸ்ஸும் அங்கே போய் நிற்கின்றன. மாணவர் தலைக்கு மத்திய அரசு பணம் தரும், ஆனால் அது முழுச் செலவுக்குப் போதாது. மீதியை நகரம் போடும். 2019-ல் சீர்திருத்தத்தின் விளைவாக இரண்டு வருஷ மாணவர்கள் ஒரே நேரத்தில் மேல்நிலைப் பள்ளி வாசலில் வந்து நின்றபோது, நகரத்துப் பெற்றோர் ‘எங்கள் பிள்ளைக்கு முதலிடம்’ என்றார்கள். சட்டப்படி அப்படிக் கோடு போட முடியாது.

ரயில் காட்டிய வழி

எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதும் சரியாக இருக்காது. 2018 ஜூனில் போஸ்னான் பெருநகர ரயில் ஓட ஆரம்பித்தது. புதுப் பாதை எதுவும் போடவில்லை. நகரத்திலிருந்து நாலா பக்கமும் பிரியும் பழைய தண்டவாளங்களிலேயே, நெரிசல் நேரத்தில் அரை மணிக்கு ஒரு வண்டி என்ற இலக்கோடு அதிக ரயில் விட்டார்கள். செலவை மாகாணம், நகரம், மாவட்டம், க்மினாக்கள் என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நகரத்தின் பஸ்களும் ஒப்பந்தம் போட்டு கிராமங்களுக்குப் போகின்றன. ஒரே அட்டையில் பயணம் செய்யலாம்.

மெச்ச வேண்டிய வேலை. ஆனால் இதெல்லாம் கைகுலுக்கலில் நிற்கும் ஏற்பாடு. ‘போஸ்னான் பெருநகரம்’ என்பது ஒரு சங்கம். விருப்பப்பட்டவர் சேரலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். அதற்குத் தனி வரி வருமானம் கிடையாது, எந்த க்மினாவுக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. தெற்கே சிலேசியாவில் கடோவிட்சேயைச் சுற்றியுள்ள 41 ஊர்களுக்கு மட்டும் 2017-ல் தனிச் சட்டம் போட்டு, வருமான வரியில் கூடுதலாக 5 சதவீதப் பங்கு கொடுத்தார்கள். போஸ்னானும் மற்ற நகரங்களும் ‘எங்களுக்கு எப்போ?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

கிராமங்களை நகரத்தோடு சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் போலந்து செய்து பார்த்திருக்கிறது. ஜியெலோனா கூரா நகரம், தன்னைச் சுற்றியிருந்த கிராம க்மினாவோடு 2015-ல் இணைந்தது. முதலில் அந்த கிராமத்து மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சரி என்ற பிறகு. அரசும் ஊக்கத்தொகை கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து ஓபோலே நகரம் வேறு மாதிரி போனது. பக்கத்து க்மினாக்களின் சில கிராமங்களை, அங்கிருந்த அனல் மின் நிலையத்தையும் சேர்த்து, 2017-ல் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டது. மின் நிலையம் போனால் அதன் வரியும் போகும். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். அரசு அசையவில்லை. அதைப் பார்த்த எந்தப் புறநகர் க்மினாவும் ‘இணைப்பு’ என்ற வார்த்தையை நிம்மதியாகக் கேட்காது. போஸ்னானைச் சுற்றி 17 க்மினாக்கள், 17 தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள். யார் நாற்காலியை விடுவார்?

இப்போது ஏன் பரபரப்பு?

வீடு கட்டும் விதிகளுக்கு வருவோம். போலந்தில் 1995-க்கு முந்தைய பழைய நில உபயோகத் திட்டங்கள் 2003 இறுதியோடு காலாவதியாகின. புதுத் திட்டம் போட க்மினாவுக்கு நேரமும் பணமும் ஆகும். திட்டம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ‘கட்டட நிபந்தனை’ என்ற ஒரு தனி அனுமதி வந்தது. பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறதா, சாலை இருக்கிறதா, அப்படியானால் நீயும் கட்டு. ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று என்று வயல் வழியே வீடுகள் ஊர்ந்து போயின. தற்காலிக வாசல் 20 வருஷம் பிரதான வாசலாக இருந்தது. இதில் இன்னொரு வினோதம், திட்டம் போடுவது க்மினா, கட்ட அனுமதிச் சீட்டு கொடுப்பது மாவட்டம். நிபந்தனைகள் சரியாக இருந்தால் மாவட்டம் மறுக்க முடியாது. போன வாரம் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்காக அடுத்த வருஷம் மாவட்டச் சாலையை அகலப்படுத்த வேண்டியதும் அதே மாவட்டம்தான்.

2023-ல் கொண்டுவந்த சீர்திருத்தம் இதை அடைக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு க்மினாவும் தன் முழுப் பரப்புக்கும் ஒரு ‘பொதுத் திட்டம்’ போட வேண்டும். முதலில் 2025 இறுதி வரை கெடு, பிறகு 2026-க்கு நீட்டினார்கள். கெடு தாண்டியும் திட்டம் இல்லையென்றால் தனி அனுமதி கொடுக்க முடியாது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்காக ஒதுக்கும் நிலம் ஆசைப்பட்ட அளவுக்கு இருக்கக் கூடாது. அந்த ஊருக்கு எதிர்காலத்தில் எவ்வளவு குடியிருப்பு தேவை என்று சூத்திரப்படி கணக்கிட்டு, அதில் 130 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனி அனுமதி இனி ஏற்கெனவே வீடுகள் அடர்ந்த பகுதிக்குள் மட்டும். அதுவும் முன்போல நிரந்தரம் இல்லை, 2026 தொடக்கத்தில் இருந்து இறுதியாகும் அனுமதிகளுக்கு 5 வருஷம்தான் ஆயுள்.

சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் என்ன நடக்கும்? நடந்தது. கதவு மூடும் முன் நுழைந்துவிடலாம் என்று அனுமதி விண்ணப்பங்கள் க்மினா அலுவலகங்களில் குவிந்தன. வீடே கட்டும் எண்ணம் இல்லாதவர்களும், மனையின் விலை விழக் கூடாது என்று மனு போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மகளுக்கு என்று வைத்திருக்கும் அரை ஏக்கர் திடீரென்று ‘வெறும் வயல்’ ஆகிவிட்டால் யார்தான் சும்மா இருப்பார்?

இன்னொரு பக்கம் பிறப்பு விகிதம். போலந்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 1.1-ஐ ஒட்டி விழுந்துவிட்டது. வெளியிலிருந்து இளம் குடும்பங்கள் வந்துகொண்டே இருப்பதால்தான் டோபியெவோவும் கொமோர்னிகியும் இன்றுவரை இதை உணரவில்லை. வீட்டு நிலத்துக்கு வரம்பு வந்து, வரத்து குறைந்தால், இன்றைக்கு இடம் போதவில்லை என்று கட்டிய பள்ளிக் கட்டடங்களில் 15 வருஷத்தில் பெஞ்சுகள் காலியாகும். இப்போது 35 வயதில் தோட்ட வீடு வாங்கியவருக்கு அப்போது 50. பிறகு 65. கார் ஓட்ட முடியாத வயதில் அவருக்கு வேண்டியது பாலர் பள்ளி இல்லை, நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்துக் கடையும் பஸ் நிறுத்தமும். வயல் நடுவே ஊர்ந்து போன தெருக்களில் இரண்டும் கிடையாது. இந்தப் பெரிய மாவட்டத்துக்குச் சொந்தமான மருத்துவமனை புஷ்சிகோவோவில் இருக்கிறது. நகரத்துக்குத் தெற்கே, காட்டோரத்தில்.

ஆகவே பொதுத் திட்டம் வெறும் வரைபட வேலை இல்லை. எந்தத் தெரு வளரும், எந்த வயல் வயலாகவே நிற்கும் என்று முதல் முறையாக எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டி அடர்த்தியாகக் கட்ட விட்டு, தூரத்து வயலை நிறுத்தினால் நகரத்துக்கும் நல்லது, கிராமத்துக்கும் செலவு குறையும். ஆனால் அப்படி வரைந்தால் தூரத்து நிலத்துக்காரர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து 130 சதவீதம் வரை நிரப்பிவிடுவதுதான் அரசியல்வாதிக்கு எளிது. தவிர, ஒவ்வொரு க்மினாவும் தன் தேவையைத் தனித்தனியே கணக்கிடும்போது, 17 வரைபடங்களையும் ஒட்டிப் பார்த்து ‘மொத்தமாக இது சரியா’ என்று கேட்கும் அதிகாரம் மாவட்டத்துக்கும் இல்லை, நகரத்துக்கும் இல்லை.

ஒரு சின்னத் திருப்பம் உண்டு. 2018-ல் வந்த விதிப்படி ஒரு க்மினா தலைவர் இரண்டு முறைதான் பதவி வகிக்கலாம். 2018-லும் 2024-லும் ஜெயித்தவர்கள், விதி மாறாவிட்டால், 2029 தேர்தலில் நிற்க முடியாது. மறுபடி ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லாத கைகளும் இப்போது பென்சிலைப் பிடித்திருக்கின்றன.